மாமாவைத் தேடியவர்கள்

என் அக்கா காணாமல் போன கொஞ்ச நாளிலேயே, அவளைக் கொன்றது யார், எதற்காகக் கொன்றான், உடலை என்ன செய்தான் என்பதெல்லாம் முகம் தெரியாத எத்தனையோ பேருக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற அம்மாவுக்கும் கூடப் பிறந்த எனக்கும்தான் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பாலக்கரைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில், ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, என் குடும்பத்தில் என்ன நடந்தது என்பதை அவர்களிடமிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, வேறொரு யூனிட்டில் சூளை பார்ப்பவர். பீங்கான் ஃபியூஸையும் இன்சுலேட்டரையும் அடுக்கி, தீ மூட்டி, சூடு ஏறுவதைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்து, கடைசிவரை கூடவே நிற்கிற வேலை. பேசத் தெரியாத மனிதர். நாம் ஒன்று கேட்டு அவரிடமிருந்து பதில் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் என்று அவள் போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. ஊர் முதலில் ஜாடையாகப் பேசியது, அப்புறம் முகத்துக்கு நேராகவே பேசியது. மாமாவின் அம்மா திட்டக்குடிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். இரண்டாவதாகக் கட்டி வைக்கத்தான். ஒரு நாள் காலையில் தரகர் வீட்டுக்கே வந்து, அக்கா கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே அந்தப் பேச்சைப் பேசியிருக்கிறார். அவர் போனதும் அக்கா நேராக யூனிட்டுக்குப் போனாள். சூளை எரிந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் மாமாவிடம் கேட்டாள்: “நீங்க என்ன சொல்றீங்க?”

“சூளை எரியுது. முடிச்சிட்டு வரேன், போ.”

அவ்வளவுதான் சொன்னார். அவள் திரும்பிப் போய்விட்டாள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, வீடு திறந்து கிடக்கிறது, பையும் துணியும் இல்லை, ஆளையும் காணவில்லை என்று சொன்னபோதும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். பற்ற வைத்த சூளையை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. விட்டால் உள்ளே இருக்கிற சரக்கு மொத்தமும் விரிசல் விட்டுப் போகும். எங்கள் ஊரில் பால் ஊற்றுகிறவருக்குக்கூட இது தெரியும். சூளையை முடித்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தவர், வெறும் வீட்டில் கொஞ்ச நேரம் நின்றாராம். “அவளக் கூட்டிக்கிட்டுதான் வருவேன்” என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று நினைத்திருப்பார். எங்களுக்குச் சேதி வந்தபோது இரண்டு பேருமே இல்லை.

அம்மா போலீஸில் புகார் கொடுத்தாள். பேப்பரில் ஒரு மூலையில் வந்தது: பெண் மாயம், கணவன் தலைமறைவு. அந்தத் துண்டைப் படமெடுத்து யாரோ இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள்.

படித்த பிள்ளைகள் எல்லோரும் அப்போது ஒரே இணையதளத்தில்தான் குடியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் அதில் ஒரு கம்யூனிட்டி உண்டு. சென்னை, பெங்களூரு, துபாய் என்று வேலைக்குப் போய்விட்ட ஊர்க்காரர்கள் அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, ஸ்கூல் கதையும் பஸ் ஸ்டாண்டு பரோட்டா கதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அக்கா அவர்களுக்கு வராதது வந்த மாதிரி வாய்த்தாள். பரோட்டாவை விட்டுவிட்டு எல்லோரும் துப்பறியப் புறப்பட்டார்கள்.

அதில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். துபாயில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர். கறுப்புக் கண்ணாடி மாட்டிய படத்தை முகத்துக்குப் பதிலாக வைத்திருந்த இன்னொருவர். பெண்டாட்டியைக் காணவில்லை என்று சொன்ன பிறகும் ஒருவன் சூளையை விட்டு நகரவில்லை என்றால், அந்தச் சூளைக்குள் என்ன இருந்தது என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அந்தச் சூட்டில் எலும்பு மிஞ்சுமா மிஞ்சாதா என்று நாலு பேர் கணக்குப் போட்டார்கள். போலீஸ்காரர்களும் ஒரு நாள் வந்து சூளைக்குள் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போனார்கள். ஒன்றும் இல்லாததுதான் ஆதாரம் என்று எழுதினார் கண்ணாடிக்காரர். பை இல்லையே, துணி இல்லையே என்றால், அவனே எடுத்து ஒளித்திருப்பான். மாமாவிடம் செல்போனே கிடையாது. வாங்கச் சொன்னால், யாரிடம் பேச என்று கேட்கிறவர். அவர்களோ, ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று செல்லைத் தூக்கி எறிந்துவிட்டான், கைதேர்ந்தவன் என்றார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் ஆனால் கால் அங்கேதான் போய் நின்றது.

காரணம் அம்மா. வீட்டுக்குள் நுழைவதற்குள், “இன்னிக்கு என்னடா போட்டுருக்காங்க?” என்பாள். நான் சொல்லுவேன். சிலதை விட்டுவிட்டுச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அம்மா இதே ஊரில் பிறந்தவள். அப்பா போன பிறகு எங்களை வளர்க்க யூனிட்டில் களிமண் பிசைந்தவள், சுடாத பச்சைச் சரக்கைப் பலகையில் வைத்துச் சூளை வாசலுக்குத் தூக்கியவள். சூளை எரியும்போது ஆள் நகர முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், “பொண்டாட்டியக் காணும்னு சொன்னா எந்த ஆம்பளடா சூளை எரியுதும்பான்?” என்று என்னையே கேட்டாள். சும்மா காத்துக்கொண்டிருப்பதைவிட ஒரு கொலைகாரன் இருப்பது அவளுக்குப் பிடிமானமாக இருந்தது. அவனைத் திட்டலாம், சபிக்கலாம், பிடித்துவிடுவார்கள் என்று நம்பலாம். காணாமல் போன மகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அழத்தான் முடியும். அதையும் செய்தாள்.

மாமாவின் அம்மா ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, அவன் அவளைத் தேடித்தான் போயிருக்கிறான், நடுநடுவே போன் பூத்திலிருந்து பேசுகிறான், நான்தான் பாவி, வேறு பெண் பார்த்தது நான்தான் என்று அழுதார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அந்த அம்மாள் சொன்னதை நான் கம்யூனிட்டியில் போட்டேன். எந்தக் கொலைகாரனுக்கும் அம்மா உண்டு என்று பதில் வந்தது. அதற்குப் பலபேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே பிராது கட்டுவார்கள். யார் மேல் என்ன குறை என்று தாளில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்கள், போயும் நியாயம் கிடைக்காதவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். கேட்டது நடந்தால் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அம்மா ஒரு நாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். நான் எழுத, அவள் சொன்னாள். என் மகளை இல்லாமல் ஆக்கியவனை என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்து.

அக்கா திரும்பி வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“அவன் கெடச்சா அவ சேதி தன்னால வரும். நான் சொல்றத மட்டும் எழுதுடா.”

எழுதினேன். அவள் அதை இறுக்கிக் கட்டிவிட்டு, அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

மாமாவின் படத்தைக் கல்யாண ஆல்பத்திலிருந்து உருவி அம்மாவே கொடுத்தாள், ஸ்கேன் பண்ணிப் போட்டோம். அதிலிருந்து ஆளைப் பார்த்த சேதிகள் வர ஆரம்பித்தன. ஆத்தூரில் பார்த்ததாக ஒருவர். சேலத்தில் தாடியோடு பார்த்ததாக ஒருவர். பிறகு ஈரோடு. சேலம் ரயில் போகிற வழியிலேயே போகிறான், கேரளாவுக்குத் தப்பப் பார்க்கிறான் என்று கண்ணாடிக்காரர் கோடு போட்டு மேப்பே போட்டுவிட்டார். தாடி மாறுவேஷமாம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி எழுதினார்கள்: பெண்கள் தங்கும் ஹாஸ்டல் வாசலிலும் மில் கேட்டிலும்தான் நிற்கிறான்.

அதைப் படித்ததும், ஒருவேளை அவருடைய அம்மா சொன்னதுதான் நிஜமோ, அக்கா உயிரோடு இருக்கிறாளோ, அவளைத்தான் அவர் தேடுகிறாரோ என்று எழுதினேன். நீ யார், அவனுக்குச் சொந்தமா என்று பாய்ந்தார்கள். காணாமல் போன பெண்ணின் தம்பி என்றேன். நம்பவில்லை. ஆனால் நான் எழுதியதைக் கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். ஆமாம், தேடுகிறான், அரைகுறையாகத் தப்பியவளை முடித்துக்கட்டத் தேடுகிறான், இரண்டாம் கல்யாணத்துக்கு அவள்தானே இடைஞ்சல் என்று அன்றைக்கே புதுக்கதை போட்டார். சூளை, எலும்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறந்துவிட்டார்கள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு வாயில் வராத கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. அதை டைப் பண்ணி, அனுப்பாமல் அழித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லீவில் ஊருக்கு வந்த துபாய்க்காரர் பிஸ்கட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரியான, அடக்கமான பிள்ளை. அம்மாவை “அம்மா, அம்மா” என்றுதான் பேசினார். அக்கா உயிரோடு இருக்கலாம் என்று அவர் சொன்னதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவள் பேசப் பேச அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது அம்மாவை ஒரு போட்டோ எடுத்தார். அன்றைக்கே அந்தப் போட்டோவும் அதன் கீழே அம்மா சொன்னதும் வந்துவிட்டன. “அவன் கையில கெடச்சா எம் பொண்ண உசுரோட வுடமாட்டான். யாராச்சும் அவளக் காப்பாத்துங்க.” அதை எடுத்து எங்கெங்கோ போட்டார்கள். கோவை, திருப்பூர் கம்யூனிட்டிகளிலும் மாமா படம் போய்ச் சேர்ந்தது.

மாமா பிடிபட்ட சேதி போலீஸிலிருந்து வருவதற்கு முன்னாலேயே கம்யூனிட்டியில் வந்துவிட்டது. செல்போனில் எடுத்த மங்கலான படம். திருப்பூரில் ஒரு தெருவில், கரண்ட் கம்பத்தில் கட்டிவைத்த தாடிக்காரர். சட்டை கிழிந்து, வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கீழே வெற்றி, வெற்றி என்று வரிசையாக வாழ்த்துகள். நம் கம்யூனிட்டி சாதித்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நான் தடுப்புக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எனக்கு முதல் முதலில் சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் அவர். இவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சேதியைக் கேட்டதும் அம்மா மணவாளநல்லூர்த் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆளைத் திருப்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பிறகு போலீஸும் சொன்னது. உடனே ரயிலேறினோம்.  ஆஸ்பத்திரியில் வைத்தே அவனைச் செருப்பால் அடிப்பேன், அப்புறம் அவள் எங்கே என்று கேட்பேன் என்று வழியில் ஒரு தடவை சொன்னாள்.

மாமா கட்டிலில் படுத்திருந்தார். காவலுக்கு ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமாவின் ஒரு கண் மூடிப்போயிருந்தது, உதடு கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா செருப்பைக் கழற்றவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அவரே பேசினார்.

“அத்த, அவ இங்கதான் இருக்கா. பனியன் கம்பெனி ஹாஸ்டலு. ஷிஃப்ட்டு முடிஞ்சு வருவான்னாங்க. எதுத்தாப்ல டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள புடிச்சிட்டாங்க. நான் சொன்னது யாருக்கும் வெளங்கல. நீங்க போயி கூட்டிக்கிட்டு வாங்க.”

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வழியைச் சொன்னார். அம்மா வாசல்வரை நடந்தாள், அங்கிருந்து ஓடினாள். அந்த வயசில், அந்த முட்டி வலியோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டோ பிடிக்கலாம் என்று கத்திக்கொண்டே பின்னால் நானும் ஓடினேன். உயிரோடு இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர எனக்குள் வேறொன்றும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். 

ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் அக்காவின் படத்தைப் பார்த்ததும், இந்தப் பெண்தான் என்றார். பனியனில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை, யாரோடும் அதிகம் பேசாது, நல்ல பெண் என்றார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவர் மற்றதைச் சொன்னார்.

மாமா பிடிபட்ட அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து அக்கா வந்தபோது தெருவெல்லாம் கூட்டம். மாமாவை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹாஸ்டலில் இருந்த ஒரு பெண்தான் பிரவுசிங் சென்டரிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வந்து காட்டியிருக்கிறாள். உன்னைக் கொல்லத் தேடி வந்திருக்கிறான், நல்லவேளை பிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா முதலில் நம்பவில்லையாம். அவருக்கு ஒரு கோழியை அறுக்கக்கூட வராது என்றாளாம். பிறகு தாளைத் திருப்பி அம்மாவின் போட்டோவையும், அதன் கீழே இருந்ததையும் படித்திருக்கிறாள்.

“எங்கம்மா பொய் சொல்லாதுன்னுச்சுங்க. விடியறதுக்குள்ள பையை எடுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க. சம்பளம்கூட வாங்கல” என்றார் அந்த அம்மாள்.

எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கூட இருந்த பெண்களுக்கும் தெரியவில்லை. அவள் படுத்திருந்த இடத்தில் வேறொரு பெண்ணின் பெட்டி இருந்தது. அம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தோளோடு அணைத்து வெளியே கொண்டுவந்தேன். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், மில் கேட்டுகள் என்று அந்த ஊரில் அலையாத இடம் இல்லை. தாடிக்காரரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அக்காவைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். மாமா படத்தைப் போட்ட மாதிரி அவள் படத்தை யாரும் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துன்னேன். நிறுத்திட்டான். எம் பொண்ண நான் கேக்கவே இல்லியேடா” என்றாள். நீ எழுதச் சொல்லாவிட்டாலும் சாமிக்குத் தெரியாதா என்று ஏதோ சொன்னேன். அதை நானே நம்பவில்லை.

அக்கா உயிரோடு இருக்கிறாள், மாமா குற்றவாளி இல்லை, அவளைத் தேடித் தாருங்கள் என்று கம்யூனிட்டியில் எழுதினேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார் ஒருவர். குடும்பத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது என்றார் கண்ணாடிக்காரர். துபாய்க்காரர் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் வேறு ஏதோ ஊரில் வேறு யாரோ ஒருவரைக் காணவில்லை, அவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

ஹாஸ்டல் அம்மாளின் வாக்குமூலத்தால் போலீஸ் மாமாவை விட்டுவிட்டது. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். தாடி அப்படியே இருந்தது. அவளைப் பார்க்கும்வரை எடுப்பதில்லை என்று வேண்டுதலாம், கேட்ட பிறகுதான் சொன்னார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அகலமாகத் திறக்க முடியாத அவர் வாய்க்குத் தோதாகக் குழைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டதும் அவர் என்னிடம் இரண்டு சட்டையைக் கேட்டு வாங்கி ஒரு பையில் வைத்துக்கொண்டார். பல்லடம் பக்கம் சில மில்கள் பாக்கி இருக்கின்றன, சாயங்கால ரயிலுக்குப் போகிறேன் என்றார்.

அம்மா எழுந்து போய் அவர் கையிலிருந்த பையை வாங்கினாள்.

“நீங்க போவாதீங்க மாப்ள. ஒங்களப் பாத்தா அவ இன்னும் தூரமா ஓடுவா.”

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். அம்மா பையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு, அவருக்குப் பதிலாக ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் என் கூடவே வந்தார். அதற்கு மேல் வரவில்லை.